கீழ்வரிசையில் பல்லே இல்லை: இம்ப்ளான்ட்டா, பல்செட்டா? அம்மாவுக்காகக் கேட்கிறேன்

கொன்றை

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 68 வயது. கீழ்வரிசையில் மிச்சமிருந்த முன்பற்கள் ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்தன. அண்மையில் அவற்றையும் எடுத்தாகிவிட்டது. மேல்வரிசையில் பெரும்பாலும் சொந்தப் பற்கள்தான், உறுதியாகவே இருக்கின்றன. கீழே மட்டும் இப்போது வெறும் ஈறு.

"முழு பல்செட்டும் வைக்கலாம், இம்ப்ளான்ட்டும் வைக்கலாம். வீட்டில் பேசிவிட்டு வாருங்கள்" என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். (இம்ப்ளான்ட் என்றால் தாடை எலும்பில் திருகு வைத்து, அதன்மேல் பல் பொருத்துவதாம்.) பேசப் பேசக் குழப்பம்தான் கூடுகிறது. இம்ப்ளான்ட் வைத்தால் வாழ்நாள் முழுக்கக் கவலையில்லை என்கிறார் அண்ணன். இந்த வயதில் தாடை எலும்பில் துளை போடுவதா என்று அக்கா பயப்படுகிறார். "மென்று சாப்பிட முடியணும், பேசும்போது கழன்று வரக்கூடாது, அவ்வளவுதான்" என்பது அம்மா கேட்பது.

அனுபவம் உள்ளவர்கள், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று தெரிந்தாலே போதும்.

தும்பை

எனக்குக் கீழ்க் கடைவாயில் ஒரு பல் இல்லாமல் இருந்து, இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டேன். பல ஆண்டுகள் ஆகிவிட்டன, எந்தத் தொந்தரவும் இல்லை. சொந்தப் பல் மாதிரியே மெல்ல முடிகிறது. அறுவை என்றதும் நானும் பயந்தேன். மரத்துப்போக ஊசி போட்டு அரை மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார்கள். பல் எடுத்தபோது வலித்த அளவுகூட வலிக்கவில்லை. காத்திருப்பதுதான் நீளம். டைட்டானியம் திருகை வைத்துவிட்டு, எலும்பு அதைப் பிடித்துக்கொள்ள மாதக்கணக்கில் விட்டு, அப்புறம்தான் மேலே பல்லைப் பொருத்தினார்கள்.

அம்மாவுக்கு முடியுமென்றால் தயங்காதீர்கள்.

கார்முகில்

ஒற்றைப் பல் விஷயத்தை அப்படியே முழு வரிசைக்குப் பொருத்த முடியாது, தும்பை. உங்களுக்கு இரண்டு பக்கமும் தாங்கப் பற்கள் இருந்தன. பெரிய பாரம் அவற்றின் மேல்தான் போகிறது. இவருடைய அம்மாவுக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

என் மாமா மேலும் கீழும் பல்செட்தான் வைத்திருந்தார், கடைசி வரைக்கும் அதிலேயே எல்லாம் சாப்பிட்டார். பழகிக்கொண்டால் போதும். 68 வயதில் அறுவை, தையல், மாதக்கணக்கில் காத்திருப்பு இதெல்லாம் எதற்கு?

பழைய பல்லேப்

நான் பல்செட் செய்யும் லேபில் நீண்ட காலம் வேலை பார்த்தவன். மருத்துவர் இல்லை, ஆனால் ஆயிரக்கணக்கான செட் கை வழியாகப் போயிருக்கிறது. அதனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன்: மேல் செட்டும் கீழ் செட்டும் ஒன்றே அல்ல. கார்முகில் சொல்லும் மாமாவுக்கு நன்றாக அமைந்தது என்றால் மகிழ்ச்சி. ஆனால் அதை வைத்துப் பொதுவாகச் சொல்ல முடியாது.

மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடி உட்காரும். செட்டுக்கும் அண்ணத்துக்கும் நடுவே எச்சில் மெல்லிய படலமாக நிற்கும். ஓரங்கள் சரியாக மூடியிருந்தால் காற்று உள்ளே புகாது. அந்தப் பிடிப்பிலேயே அது நிற்கும். எலும்பு ஓரளவு இருக்கும் ஒருவருக்கு நல்ல மேல் செட் செய்துகொடுத்தால், கழற்றுவதற்கே கொஞ்சம் இழுக்க வேண்டியிருக்கும்.

கீழே அண்ணம் கிடையாது. நடுவில் நாக்கு இருக்கிறது. அதனால் கீழ் செட் லாட வடிவில் மட்டுமே இருக்க முடியும். அது உட்காரும் பரப்பு மேலே உள்ளதில் பாதியளவுதான். அந்தப் பாதியையும் உள்ளிருந்து நாக்கு தள்ளும், வெளியிலிருந்து கன்னமும் உதடும் தள்ளும், அடியிலிருந்து வாய்த்தரைத் தசைகள் தூக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும், ஒவ்வொரு விழுங்கலுக்கும் இது நடக்கும். எவ்வளவு திறமையாகச் செய்தாலும் கீழ் செட் "ஒட்டி" நிற்காது. அணிபவர் நாக்காலும் கன்னத்தாலும் அதை அடக்கி வைக்கக் கற்றுக்கொள்கிறார், அவ்வளவுதான். சிலருக்கு அது வருகிறது, சிலருக்கு வருவதே இல்லை. வராதவர்களின் செட் மேசை இழுப்பறையில் கிடக்கும். அப்படிக் கிடந்த பலவற்றை நான் பார்த்திருக்கிறேன், அவற்றில் பல நல்ல வேலைப்பாடு உள்ளவை.

கொன்றை, உங்கள் அம்மா "கழன்று வரக்கூடாது" என்று கேட்கிறார். வெறும் கீழ் பல்செட் அந்த உறுதியைத் தராது. இதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

பல்மருத்துவன்

லேப் நண்பர் சொன்னது முழுக்கச் சரி. நான் பல் மருத்துவன். வாயைப் பார்க்காமல் "இதைச் செய்யுங்கள்" என்று சொல்ல மாட்டேன், ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லலாம்.

முதலில் எலும்பு. தாடையில் பற்களைத் தாங்கும் எலும்பு, பல் இருக்கும்வரைதான் அந்த உயரத்தில் நிற்கும். பல் போனதும் அது கரையத் தொடங்கும். பல் எடுத்த முதல் ஓராண்டில் அந்த இடத்தின் அகலத்தில் ஏறக்குறைய பாதி போய்விடலாம். அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களிலேயே போகும். அதற்குப் பிறகு வேகம் குறையும், ஆனால் நிற்காது. கீழ்த்தாடை முன்பகுதி மேல்தாடையைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு உயரம் இழக்கிறது என்று பல்செட் அணிந்தவர்களை 25 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 1972-லேயே காட்டியது. பிடிப்பு ஏற்கெனவே குறைவாக உள்ள கீழ்ப்பக்கம்தான் எலும்பையும் வேகமாக இழக்கிறது. ஆண்டு செல்லச் செல்லக் கீழ் செட் ஏன் இன்னும் இன்னும் தளர்கிறது என்பதற்கு இதுதான் காரணம்.

இரண்டாவது, உங்கள் அம்மா விஷயத்தில் இதுவரை யாரும் தொடாத ஒன்று: மேலே சொந்தப் பற்கள். மேலும் கீழும் செட் என்றால் கடிக்கும் விசையே குறைந்துவிடும். முழு செட் அணிபவரின் கடிவிசை சொந்தப் பல் உள்ளவரின் கடிவிசையில் கால்பங்கு, சிலருக்கு அதற்கும் குறைவு. கார்முகிலின் மாமாவுக்கு இரண்டு பக்கமும் செட் என்பதால் விசை மட்டுப்பட்டிருக்கும். இங்கே மேல்பற்கள் முழு விசையோடு கீழ் செட் மேல் இறங்கும். அந்த விசை முழுவதும் மெல்லிய ஈறு வழியாக எலும்பில் விழும். புண், வலி, எலும்புத் தேய்வு எல்லாமே கூடும். மேலே பற்கள், கீழே வெறும் செட் என்ற அமைப்பைக் கண்டால் எங்களில் பலர் கவலைப்படுவோம்.

மூன்றாவதாக, கேள்வியையே கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள். "இம்ப்ளான்ட்டா, பல்செட்டா" என்று நீங்கள் இரண்டாகப் பிரிக்கிறீர்கள். நடுவில் ஒரு வழி இருக்கிறது: கீழ்த்தாடையின் முன்பகுதியில், கோரைப்பல் இருந்த இடங்களில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இம்ப்ளான்ட் மட்டும் வைத்து, அவற்றின் மேல் கிளிக் என்று மாட்டிக்கொள்ளும் பல்செட். கழற்றலாம், கழுவலாம், ஆனால் பேசும்போது எழும்பாது. 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், கீழே பல்லே இல்லாதவர்களுக்கு முதல் தேர்வாகச் சொல்ல வேண்டியது இதைத்தான் என்று அறிக்கை விட்டார்கள். 2009-இல் இங்கிலாந்தின் யார்க்கில் வெளியான இன்னொரு அறிக்கையும் அதையே சொன்னது. இதைச் சொல்லாமல் இரண்டு முனைகளை மட்டும் நோயாளி முன் வைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கொன்றை

ஐயா, மிக்க நன்றி. இப்படி ஒரு வழி இருக்கிறது என்றே எங்களிடம் யாரும் சொல்லவில்லை. ஏன் முன்பக்கம் மட்டும்? கடைவாயில்தானே மெல்லுகிறோம்?

பல்மருத்துவன்

கீழ்த்தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. கடைவாய்ப் பற்களின் வேர்களுக்குக் கீழே வந்து, முன்கடைவாய்ப் பல் பகுதியில் ஒரு துளை வழியாக வெளியே வந்து, உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருகிறது. பின்பக்க எலும்பு கரைந்தவர்களுக்கு அந்த நரம்பு மேற்பரப்புக்கு மிக அருகில் வந்துவிடும். திருகு நரம்பைத் தொட்டால் உதடு மரத்துப்போகலாம். அதனால் குறைந்தது 2 மில்லிமீட்டர் இடைவெளி விடுவோம். இரு பக்கத் துளைகளுக்கும் நடுவே உள்ள முன்பகுதியில் அந்த ஆபத்து குறைவு. எலும்பும் கெட்டியாக இருக்கும், வயதானவர்களுக்கும் பெரும்பாலும் போதுமான அளவு மிஞ்சியிருக்கும். ஆனால் நாக்குப் பக்கம் ரத்தக் குழாய்கள் உண்டு. அதனால் இங்கும் முப்பரிமாண ஸ்கேன் எடுத்துவிட்டுச் செய்வதுதான் நல்லது.

மெல்லுவது கடைவாயில்தான். அங்கே செட் ஈறின் மேல்தான் உட்காரும். இரண்டு இம்ப்ளான்ட் செட்டை நகரவிடாமல் பிடிக்கும். நகராத செட்டில் மெல்லுவது மிக எளிது.

தும்பை

இருக்கட்டும், ஆனால் முழுசாகத் திருகிப் பொருத்தும் வரிசை இருக்கிறதே? நான்கு இம்ப்ளான்ட்டில் முழு வரிசையும் கழற்றவே வேண்டாம் என்று சொல்கிறார்களே. அது இன்னும் நல்லதுதானே?

பல்மருத்துவன்

நல்ல சிகிச்சைதான். பின்பக்கம் இருக்கும் இரண்டையும் சாய்த்து வைத்து நரம்பைத் தவிர்க்கிறார்கள். மெல்லுவதில் அதுவே மேல். பொருத்தமான வாயில், கையும் பழக்கமும் உள்ளவரிடம் செய்தால் அருமையாக அமையும். ஆனால் கழற்ற முடியாத வரிசையின் அடிப்பக்கத்தை வாய்க்குள்ளேயே சுத்தம் செய்ய வேண்டும். நீரைப் பீச்சும் கருவி, இடுக்குகளுக்கான குட்டித் தூரிகை, தடித்த நூல் என்று தினமும் வேலை இருக்கிறது.

நெய்தல்

இந்த இடத்தில் நான் பேசியே ஆக வேண்டும்.

அப்பாவுக்கு அறுபதுகளின் தொடக்கத்தில் கீழே முழு வரிசையும் திருகிப் பொருத்தினார்கள். முதல் சில ஆண்டுகள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். அப்புறம் பார்க்கின்சன் நோய் வந்தது. கை நடுங்கத் தொடங்கியது. பல் துலக்குவதே கஷ்டம், அந்த வரிசையின் அடியில் குட்டித் தூரிகை நுழைப்பது எப்படி? நான் செய்யப் பார்ப்பேன். அவருக்கு வாயைத் திறந்து வைத்திருக்க முடியாது, தாடை இறுகிவிடும். அவருக்குக் கோபம் வரும், எனக்கு அழுகை வரும். ஈறு வீங்கி, சீழ் வைத்து, கடைசியில் ஒரு இம்ப்ளான்ட்டை எடுக்க வேண்டி வந்தது. உடம்பு அவ்வளவு தளர்ந்திருந்த நேரத்தில் அந்த அறுவை.

யாரையும் குறை சொல்லவில்லை. அன்று அவர் நல்ல உடல்நிலையில் இருந்தார், மருத்துவரும் சரியாகவே செய்தார். ஆனால் "பத்து, பதினைந்து ஆண்டு கழித்து இதை யார் சுத்தம் செய்வார்கள்" என்ற கேள்வியை யாருமே கேட்கவில்லை. கொன்றை, தயவுசெய்து அந்தக் கேள்வியை நீங்கள் கேளுங்கள். அம்மாவுக்கு முடியாமல் போனால் நீங்களோ அக்காவோ எளிதாகக் கழற்றிக் கழுவக்கூடியதாக இருக்கட்டும்.

பின்னர் எங்கள் மருத்துவர் மிச்சமிருந்த இம்ப்ளான்ட்களின் மேல் திருகு வரிசையை எடுத்துவிட்டு, கழற்றி மாட்டும் செட்டாக மாற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து வாய் சுத்தம் செய்வது எங்களுக்குள் ஒரு சண்டையாக இல்லாமல் போனது.

கொன்றை

நெய்தல் அக்கா, இதை எழுதியதற்கு நன்றி. இரண்டு முறை படித்தேன். அண்ணனுக்கும் அனுப்பியிருக்கிறேன்.

கார்முகில்

மெல்ல மெல்ல மனம் மாறுகிறது எனக்கும். ஆனால் ஒரு சந்தேகம். இம்ப்ளான்ட் உலோகம், அதற்குச் சொத்தை வராது. பிறகு ஏன் சீழ், வீக்கம்?

பல்மருத்துவன்

சொத்தை வராது, உண்மை. ஆனால் அதைச் சுற்றி இருப்பது உங்கள் ஈறும் உங்கள் எலும்பும். சொந்தப் பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே நார்கள் உண்டு. ஈறிலிருந்து வரும் நார்கள் வேருக்குள் பதிந்து கிருமிகளைத் தடுக்கும். இம்ப்ளான்ட்டில் அந்தப் பதிவு இல்லை, நார்கள் உலோகத்தை ஒட்டி ஓடுகின்றன, அவ்வளவே. அழுக்குப் படலம் சேர்ந்தால் முதலில் ஈறு வீங்கும். துலக்கும்போது ரத்தம் வரும். அந்த நிலையில் சுத்தம் செய்தால் மீட்டுவிடலாம். விட்டுவிட்டால் எலும்பு கரையத் தொடங்கும். அதை மீட்பது கடினம். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், இம்ப்ளான்ட் வைத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஏதோ ஓர் அளவில் இந்த எலும்புக் கரைவு வருகிறது.

இதில் கெட்ட விஷயம், பெரும்பாலும் வலிக்காது. வலித்தால்தான் மருத்துவரிடம் போவோம் என்று இருப்பவர்களுக்கு இம்ப்ளான்ட் ஏற்றதல்ல. பல் பொருத்திய அன்றே ஓர் எக்ஸ்ரே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பின்னால் எலும்பு இறங்கியிருக்கிறதா என்று ஒப்பிட அது வேண்டும்.

அண்ணன் சொல்லும் "வாழ்நாள் முழுக்க" பற்றி: பத்தாண்டு முடிவில் நூற்றில் தொண்ணூறுக்கு மேல் இம்ப்ளான்ட்கள் தாடையில் நிற்கின்றன. அது நல்ல கணக்கு. 1965-இல் ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரானெமார்க் முதன்முதலில் டைட்டானியம் இம்ப்ளான்ட் வைத்த நோயாளி, நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு 2006-இல் இறக்கும்வரை அவற்றைப் பயன்படுத்தினார். ஆனால் திருகு நிற்பது வேறு, மேலே உள்ள பல், செட்டைத் திருகோடு மாட்டும் பிடிப்பான், செட் ஆகியவை தேயாமல் இருப்பது வேறு. மாட்டிக்கொள்ளும் செட்டில் உள்ளே இருக்கும் நைலான் வளையங்கள் தேயும், அவ்வப்போது மாற்ற வேண்டும். எலும்பு கரைந்தால் செட்டின் உட்பக்கத்துக்குப் புதுப் பூச்சு போட வேண்டும். இதை முதலிலேயே தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

கொன்றை

ஐயா, இன்னொன்று. அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரையில் கட்டுப்பாட்டில் உள்ளது. கடைசியாகப் பார்த்த மூன்று மாதச் சராசரி 6.9. எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை, அலென்ட்ரோனேட், மூன்று ஆண்டுகளாக எடுக்கிறார். இதை மருத்துவரிடம் நாங்கள் சொல்லவே இல்லை, பல்லுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவில்லை.

பல்மருத்துவன்

கண்டிப்பாகச் சொல்லுங்கள். அடுத்த முறை போகும்போது மருந்துச் சீட்டு முழுவதையும் கொண்டுபோங்கள்.

சர்க்கரை 6.9 என்றால் அது தடையில்லை. கட்டுப்பாடு இல்லாமல் அதிகமாக இருந்தால்தான் புண் ஆறுவது தாமதமாகும், கிருமி தொற்றும். அப்போது முதலில் குறைத்துவிட்டு வரச் சொல்வோம். புகைப்பழக்கம் இதைவிடப் பெரிய பகை. புகைப்பவர்களுக்கு இம்ப்ளான்ட் தோல்வி ஏறக்குறைய இரு மடங்கு.

அலென்ட்ரோனேட் எலும்பு கரைவதை மட்டுப்படுத்தும் மருந்து. இந்த வகை மருந்து எடுப்பவர்களில் மிகச் சிலருக்கு, பல் எடுத்த பின்போ தாடை அறுவைக்குப் பின்போ, எலும்பு ஆறாமல் வெளியே தெரிந்தபடியே இருந்துவிடும். புற்றுநோய்க்காக ரத்தக்குழாய் வழியாக அதிக அளவில் எடுப்பவர்களுக்கு அந்த ஆபத்து கணிசமானது. அவர்களுக்கு இம்ப்ளான்ட் பொதுவாக வேண்டாம் என்போம். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையாக எடுப்பவர்களுக்கு ஆபத்து மிகக் குறைவு, நூற்றில் ஒன்றுக்கும் வெகு கீழே. ஆனால் ஆண்டுகள் கூடக் கூட ஏறும். அதனால் இது தடை இல்லை, தெரிந்து செய்ய வேண்டிய ஒன்று. எடுத்த பற்களின் குழிகள் நன்றாக ஆறியிருக்கின்றனவா என்று முதலில் பார்ப்பார்கள். அதுவே ஒரு நல்ல அறிகுறி.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: எலும்பு மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். குறிப்பாக இதைப் படிப்பவர்களில் யாராவது ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெனோசுமாப் ஊசி போடுகிறவராக இருந்தால், ஊசியைத் தள்ளிப்போட்டால் முதுகெலும்பு முறிவு வரும் ஆபத்து இருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைக்கும் இதே பேச்சுதான். மருந்தை எழுதிக் கொடுத்த மருத்துவரும் பல் மருத்துவரும் பேசி முடிவெடுக்க வேண்டும்.

மல்லிகை

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். மகனுக்கு 15 வயது, விளையாட்டில் அடிபட்டு மேல் முன்பல் ஒன்று போய்விட்டது. உடனே இம்ப்ளான்ட் வைக்கலாமா?

பல்மருத்துவன்

இப்போது வேண்டாம் அம்மா. இம்ப்ளான்ட் எலும்போடு ஒட்டிப்போகும், தாடையோடு சேர்ந்து வளராது. பக்கத்துப் பற்கள் வளர்ச்சியோடு இறங்கும், அது மட்டும் மேலேயே நின்று குட்டையாகத் தெரியும். வளர்ச்சி முடிகிற வரை காத்திருக்க வேண்டும், ஆண் பிள்ளைகளுக்கு இருபதை ஒட்டி, சிலருக்கு அதற்கும் மேல். அதுவரை பக்கத்துப் பல்லின் பின்புறத்தில் சிறு இறக்கை போல ஒட்டி நிற்கும் செயற்கைப் பல், பிரிட்ஜ் என்பார்கள், அது இருக்கிறது. நல்ல பல்லை அராவ வேண்டியதில்லை. நன்றாக ஒட்டினால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். சிலர் அதிலேயே திருப்தியாக இருந்துவிடுகிறார்கள்.

வெள்ளிவீதி

எனக்கும் ஒரு கேள்வி. இரண்டு பக்கமும் கடைசிக் கடைவாய்ப் பற்கள் இல்லை. மற்ற எல்லாம் இருக்கின்றன. மெல்ல ஒரு கஷ்டமும் இல்லை. எல்லாரும் ஏதாவது வைத்துக்கொள் என்கிறார்கள்.

பல்மருத்துவன்

கஷ்டம் இல்லையென்றால் ஒன்றும் வைக்க வேண்டிய அவசியம் இல்லாமலும் இருக்கலாம். முன்பற்களும் முன்கடைவாய்ப் பற்களுமாக, மேலும் கீழும் ஒன்றோடொன்று பொருந்தும் இருபது பல் இருந்தால் பெரும்பாலோர் நன்றாகவே மெல்ல முடியும். இதை வைத்து வேண்டுமென்றே பின்பக்கத்தை நிரப்பாமல் விடும் சிகிச்சை முறையே இருக்கிறது. எதிர்ப்பல் இறங்குகிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பல்லேப்

பல்செட்டையே தேர்ந்தெடுப்பவர்களும் இந்த இழையைப் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம். எல்லாருக்கும் இம்ப்ளான்ட் ஒத்துவராது. செட் ஒன்றும் இரண்டாந்தர வாழ்க்கை இல்லை, நன்றாக அமைத்தால்.

புதுச் செட் முதல் சில வாரங்கள் வாய்க்குள் ஏதோ அந்நியப் பொருள் மாதிரி இருக்கும். எச்சில் ஊறும், பேச்சு தடுமாறும். தனியாக உட்கார்ந்து சத்தமாகப் படியுங்கள், பேச்சு சீக்கிரம் திரும்பும். சிறு சிறு துண்டாக, மென்மையானதில் தொடங்கி, ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் மெல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் கடித்தால் மறுபக்கம் எழும்பும். முன்பல்லால் கடித்து இழுக்காதீர்கள்.

புண் பட்டால் பலர் செய்வது, செட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு வாரம் கழித்து மருத்துவரிடம் போவது. அதற்குள் புண் ஆறிவிடும். எந்த இடம் அழுத்துகிறது என்று அவருக்குத் தெரியாது. போவதற்கு முந்தைய நாளிலிருந்தாவது செட்டை மாட்டிக்கொண்டு போங்கள். வீட்டில் கத்தியாலும் அரத்தாலும் சுரண்டவே கூடாது. சுரண்டிக்கொண்டு வந்த செட்டைச் சரிசெய்வதைவிடப் புதிதாகச் செய்வது எளிது.

பல் எடுத்த அன்றே மாட்டும் செட் என்றால், எலும்பு கரைவதால் சில மாதத்தில் தளரும். அது செய்தவர் பிழை இல்லை. உட்பூச்சு போடுவதையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். தளர்ந்த செட்டைப் பசையால் ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருப்பது நல்லதல்ல. துத்தநாகம் கலந்த பசையை அளவுக்கு மீறிப் பூசி, உடம்பில் தாமிரச் சத்து குறைந்து, கைகால் நரம்பு பாதிக்கப்பட்டவர்கள் உண்டு.

கழுவும்போது கீழே தண்ணீர் நிறைந்த பாத்திரமோ மடித்த துண்டோ வையுங்கள். கை தவறினால் உடையாது. கொதிநீர் வேண்டாம், அக்ரிலிக் வளைந்துவிடும். பற்பசையும் வேண்டாம், அது கீறும், கீறலில் கிருமி குடியேறும். மென்மையான தூரிகையும் சாதாரண சோப்பும் போதும்.

பல்மருத்துவன்

இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன்: இரவில் கழற்றி வையுங்கள். மூடியே இருந்தால் ஈறில் பூஞ்சைத் தொற்று வரும், அண்ணம் சிவந்து போகும். 85 வயதைத் தாண்டியவர்களை வைத்து ஜப்பானில் செய்து 2015-இல் வெளியான ஆய்வில், செட்டோடு தூங்குபவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல் இருந்தது. இம்ப்ளான்ட்டில் மாட்டும் செட்டுக்கும் இது பொருந்தும்.

நெய்தல்

வாய் வறட்சி பற்றியும் சொல்லுங்கள் ஐயா. அப்பாவுக்கு அது பெரிய தொல்லை.

பல்மருத்துவன்

ஆமாம், முக்கியம். ரத்த அழுத்தம், மனச்சோர்வு, ஒவ்வாமை இவற்றுக்கான பல மருந்துகள் எச்சிலைக் குறைக்கும். எச்சில் இல்லையென்றால் செட் வழுக்காமல் உரசும், புண்ணாகும், மேல் செட்டின் பிடிப்பும் போகும். அப்படிப்பட்டவர்களுக்கு வெறும் செட் மிகக் கடினம்.

கொன்றை

மறுபடியும் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தோம். இந்த முறை அம்மாவும் கேள்விகளோடு வந்தார். நெய்தல் அக்கா எழுதியதை அவரிடம் படித்துக் காட்டியிருந்தேன். "எனக்கு முடியாமல் போனால் இவர்களால் கழற்ற முடியுமா?" என்று அவரே கேட்டார்.

முப்பரிமாண ஸ்கேன் எடுத்தார்கள். முன்பக்கம் எலும்பு போதுமான அளவு இருக்கிறது. பின்பக்கம் நரம்பு மேலே வந்துவிட்டது. மாத்திரை விஷயத்தைச் சொன்னதும் எலும்பு மருத்துவரிடம் கடிதம் கேட்டிருக்கிறார். பல் எடுத்த குழிகள் நன்றாக ஆறி வருகின்றனவாம். அவை முழுவதும் ஆறும்வரை ஒரு தற்காலிகச் செட், உள்ளே மெத்தென்ற பூச்சோடு. கடிதம் சாதகமாக வந்தால் இரண்டு இம்ப்ளான்ட், அதன்மேல் மாட்டும் செட். அக்காவும் ஒப்புக்கொண்டார். அண்ணனுக்கு நான்கு வைத்துத் திருகிவிட வேண்டும் என்ற ஆசை இன்னும் இருக்கிறது, ஆனால் அம்மா முடிவு செய்துவிட்டார்.

வேறு ஏதாவது கேட்க வேண்டியது இருக்கிறதா?

பழைய பல்லேப்

இருக்கிறது. மாட்டும் செட்டுக்கு உள்ளே உலோக வலை வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பிடிப்பான் இருக்கும் இடத்தில் அக்ரிலிக் மெலிந்துபோகும். மேலே சொந்தப் பற்கள் என்பதால் அங்கேதான் முதலில் விரிசல் விடும். அப்புறம், அந்தத் தற்காலிகச் செட்டைத் தூக்கி எறியாதீர்கள், புதியது பழுதுக்குப் போகும் நாளில் கைகொடுக்கும்.

பல்மருத்துவன்

திருகு வைப்பதற்கு முன்பே, பற்கள் எங்கே வரப்போகின்றன என்று செட்டின் மாதிரியை வைத்து முடிவுசெய்துவிட்டார்களா என்று கேளுங்கள். முதலில் பல்லின் இடம், அதற்கேற்பத் திருகின் இடம். தலைகீழாகச் செய்தால், நன்றாக ஒட்டிய இம்ப்ளான்ட்டும் தவறான இடத்தில் நின்று நாக்கை இடிக்கும்.

எல்லாம் முடிந்த பிறகு, வைத்த இம்ப்ளான்ட்டின் நிறுவனப் பெயர், வகை, விட்டம், நீளம், தொகுதி எண், பிடிப்பானின் வகை எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியில் ஒட்டியிருக்கும் சிறு சீட்டையே கொடுப்பார்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் திருகுக்கும் வேறு வேறு சாவி. பத்தாண்டு கழித்து வேறொரு மருத்துவர் வளையம் மாற்ற வேண்டியிருந்தால், அந்தச் சீட்டு இல்லாமல் அவர் எக்ஸ்ரேயைப் பார்த்து ஊகிக்கத்தான் முடியும்.

கொன்றை

அம்மாவின் மருந்துச் சீட்டு வைக்கும் கோப்பிலேயே அதையும் வைத்துவிடுகிறேன். அக்காவுக்கும் ஒரு படி. எலும்பு மருத்துவரின் கடிதம் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.